இலக்கில்லா நடை

காலம் பொன் போன்றது என மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அங்ஙனமாயின், இலக்கு ஏதுமின்றி நடந்தே கழித்த ஒரு நாள் வீண் நாள்தானா?

ஜப்பானின் கனசாவா நகரில் இவ்வினா என்னுள் எழுந்தது. சாய், அசானோ என்னும் இரு ஆறுகளுக்கிடையே அமைந்த பழைய கோட்டை நகரம் அது. பகைவர் வழி தடுமாற வேண்டுமென்றே அதன் தெருக்களை வளைத்தும் முறித்தும் அமைத்தனர். விரைந்து செல்வோரை அவை தடுக்கும்; எங்கும் சென்றடைய வேண்டாத என்னையோ விருந்தினனாக ஏற்றன. நாகமாச்சியின் மண்சுவர்களை ஒட்டி நடந்தேன். 1870-இல் இந்நகரில் பிறந்த ஜென் அறிஞர் டி. டி. சுசுகியின் நினைவாக 2011-இல் திறக்கப்பட்ட காட்சியகத்தில், அசைவற்ற நீர்ப்பரப்பில் இடையிடையே சிற்றலை எழுந்து அடங்குவதைப் பார்த்திருந்தேன். உள்ளமும் அடங்கியது.

ஆயினும் அவ்வமைதி நீடிக்கவில்லை. கென்ரொக்குவென் பூங்காவில் பெண்கள் சிலர் குனிந்தமர்ந்து, பாசிப்படுகையில் முளைத்த களைகளை ஒவ்வொன்றாகக் கையால் களைந்துகொண்டிருந்தனர். என் ஓய்வுநடைக்கு அவர்தம் உழைப்பன்றோ பாய் விரித்தது! நாணினேன்.

பின்னர் ஓர் உண்மை புலப்பட்டது. குறிக்கோளுடன் விரைந்திருப்பின் அக்கைகளை நான் கண்டிரேன். இலக்கின்மை வேறு, பொறுப்பின்மை வேறு. தன்னைத் தாங்கும் பிறர் உழைப்பைக் காணாது திரிபவனே காலத்தை வீணாக்குகின்றான். கண்டு, அக்கடனை நெஞ்சில் ஏற்றுத் திரும்புபவனுக்கு அந்நாள் வீண் நாளன்று.

காலத்தின் அருமையோடு இதனையும் மாணவர்க்குச் சேர்த்துக் கற்பிப்போமாக.