மறித்தவர் காரணம் எழுதட்டும்

2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒஸ்லோ காவல் மாவட்டம் ஒரு முயற்சியை வெள்ளோட்டம் விட்டது. தெருவில் மறித்துச் சோதிக்கப்பட்டவருக்கு எங்கே, எப்போது, எதற்காக என்று பற்றுச்சீட்டு கொடுப்பது. ஒஸ்லோவை அடுத்த ஸ்ட்ரோம்மன் கிழக்குக் காவல் மாவட்டத்துக்குள் கிடப்பதால் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றது. ஒரே ரயிலில் போன பொடியனுக்கு அப்போது ஒஸ்லோவில் கிடைத்த சீட்டு, சில நிலையங்கள் தள்ளி இறங்கினால் கிடைக்கவில்லை.

மறிப்பவர் காரணத்தை எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும். இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

ஆராயாமல் கை வைக்கக் கூடாது என்பது நம் பழைய நீதி. செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் ஆராய்தலையும் பக்கம் சாராமையையும் வைத்துவிட்டார். மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணி ஒரு பசுவுக்குக்கூட எட்டும் இடத்தில் தொங்கியது. சிலப்பதிகாரம் இன்னும் கிட்ட வருகிறது. மதுரையில் கோவலன் வெளியூரான், கையில் காசில்லாதவன். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலர் தயங்க, கள்வரின் இலக்கணத்தைப் பொற்கொல்லன் களவு நூலிலிருந்து எடுத்து விரிக்கிறான். அதற்குமேல் விசாரணை இல்லை, வாள்தான்.

நோர்வேயின் வெளிநாட்டவர் சட்டம், ஒருவரை வெளிநாட்டவர் என்று கருதக் காரணமிருந்து, நேரமும் இடமும் சூழலும் பொருந்தினால் மறித்து அடையாளம் கேட்கக் காவலருக்கு அதிகாரம் தருகிறது. இங்கேயே பிறந்த பிள்ளையிடம் அந்தக் காரணம் முகத்தைத் தவிர வேறெங்கே இருக்கும்? காவல்துறை இன அடையாளத்தைப் பதிவு செய்வதுமில்லை. ஆகவே, நிறம் பார்த்து மறிக்கிறார்கள் என்றால் ஆதாரம் எங்கே என்கிறார்கள். ஆதாரத்துக்கு ஏடே கிடையாது!

காரணமின்றி மறிக்கப்படுவது ஈழத்தமிழருக்குப் புதிதல்ல. கொழும்பில் சென்றிக்குச் சென்றி அடையாள அட்டையை நீட்டியவர்கள் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. நோர்வேயை இலங்கையோடு ஒப்பிடுவது அநியாயம்தான். ஆனாலும் காரணம் கேட்க முடியாமல் நிற்பவனின் கூச்சம் இரண்டு நாட்டிலும் ஒன்றே.

இதில் வறுமையும் சேர்கிறது. நோர்வேயில் குறைந்த வருமான வீடுகளில் வளரும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் குடியேறியோரின் பிள்ளைகள். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் என்றால், பின்னேரம் பெடியள் கடைத்தொகுதி வாசலில்தான் நிற்பார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை நிலவறையில் விளையாடுகிறது. அதைப் பார்க்க ரோந்து வண்டி வருவதில்லை.

வறுமையும் நிறமும் காவலரும் ஒரே இடத்தில் சந்தித்தால் உயிரே போகலாம். 2006 செப்டம்பரில் ட்ரொண்ட்ஹைமில் நைஜீரியாவில் பிறந்த யூஜின் ஒபியோரா சமூகநல அலுவலகத்துக்கு உதவி கேட்டுப் போனார். வாக்குவாதம் முற்றிக் காவலர் வந்தனர். அவர்கள் குப்புற அழுத்திப் பிடித்ததில் ஒபியோரா இறந்துபோனார். காவலர் எவர்மீதும் வழக்குப் போடப்படவில்லை.

துப்பாக்கிச் சூடுகள் நடக்கின்றன, கும்பல்கள் சிறுவரைச் சேர்க்கின்றன, காவலருக்கு வேகம் தேவை என்பதும் உண்மை. ஒரு சீட்டு எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பற்றுச்சீட்டை ஒரு மாவட்டத்தின் விருப்பத்துக்கு விடாமல், நாடு முழுவதற்குமான சட்டமாக நாடாளுமன்றமான ஸ்டோர்ட்டிங் எழுத வேண்டும். ஸ்ட்ரோம்மன் பெற்றோர் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் அதைக் கேட்கட்டும்.