பழைய ஆர்.சி., புதிய பாடி

கரூர்–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் சில சமயம் கூடு இல்லாத வண்டி ஒன்று கடந்து போகும். நீளமான இரும்புச் சட்டம், முன்னால் இன்ஜின், ஒற்றை இருக்கை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூசி முகத்தில் அடிக்க ஓட்டுநர் ஓட்டிப் போவார். பாடி கட்டும் பட்டறைக்குப் போகும் சேஸ் அது. சேஸ் ஒரு கம்பெனியுடையது, பாடி வேறொரு பட்டறையுடையது என்பது கரூரைப் பக்கத்தில் வைத்திருக்கும் இந்த வட்டாரத்துக்குப் பழகிப்போன ஏற்பாடு. ஆகவே, பழைய கார் ஒன்றின் துருப்பிடித்த கூட்டைக் கழற்றிவிட்டு, அதே வடிவத்தில் புதுக்கூடு செய்து மாட்டினால் அதில் என்ன தப்பு என்றுதான் இங்கே முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டை எடுத்துக்கொள்ளலாம். அம்பாசடருக்குக் கூடே சட்டம். ஹெரால்டுக்குச் சேஸ் தனி, பாடி தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் பகுதி பகுதியாகக் கையோடு வந்துவிடும். தரைத்தகடும் கதவின் அடிப்பகுதியும் உதிர்ந்துபோன ஒரு ஹெரால்டைக் கைதேர்ந்த டிங்கரிடம் விட்டால், பழைய துண்டையே அளவாக வைத்துப் புதுத் தகட்டை வெட்டி, மரச்சுத்தியால் தட்டி வளைத்து, வெல்டு வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். தடிமனாகப் பட்டி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டாது. பழைய கார் வாங்குகிறவர்கள் அதை வைத்துத்தான் சோதிப்பார்கள். தகடு முழுவதும் புதிது என்றால் காந்தமும் கைவிட்டுவிடும்.

இதில் யாருக்கு அநியாயம் நடக்கிறது? வடிவத்தை வரைந்தவருக்கு என்று சிலர் சொல்வார்கள். இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம் 2019இல் ஃபெராரி 250 ஜிடிஓ காரின் உருவத்தைக் கலைப்படைப்பு என்றே ஏற்று, அதை நகலெடுப்பதற்கு எதிராகப் பாதுகாப்புக் கொடுத்தது. நம் நாட்டுச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்த வடிவத்துக்கு 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு உரிமை, அவ்வளவுதான். பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்த பொருளின் வடிவத்துக்குப் பதிப்புரிமையும் நிற்காது. அறுபதுகளின் ஹெரால்டு உருவத்தை இன்று யார் தகட்டில் அடித்தாலும் வரைந்தவரிடமிருந்து எதையும் பறித்ததாகாது. முகப்பில் ஒட்டும் பெயர்ப்பட்டை வேறு விஷயம். வணிகச்சின்னத்தை 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

உருவத்துக்கும் பெயருக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் திண்டுக்கல்லுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டைப் போல ஒன்றை அலிகாரில் செய்து விற்கட்டும். அதைத் திண்டுக்கல் பூட்டு என்று சொல்லி விற்றால்தான் வழக்கு. 2019 ஆகஸ்டில் கிடைத்த புவிசார் குறியீடு காப்பது அந்தப் பெயரைத்தான்.

அரசுக்கு அநியாயமா என்றால், கொஞ்சம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அச்சு அசலாக அதே கூட்டைப் புதுத் தகட்டில் செய்தால் ஆர்.சி.யில் எந்த விவரமும் மாறப்போவதில்லை. சிக்கல் வருவது 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளில். 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் மூல நிலையில் இருக்கும் வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 'விஏ' வரிசை எண் கிடைக்கும். நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் மூல வண்டி என்ற மதிப்பை அரசே எண் பலகையில் எழுதித் தரும்போது, புதுக்கூட்டை மறைக்க உரிமையாளருக்கு ஒரு காரணமும் சேர்ந்தே கிடைக்கிறது. நேர்மையாக மறுகட்டிய வண்டிக்கென்று தனி வகை ஒன்றை அந்த விதிகள் வைத்திருக்க வேண்டும்.

உண்மையில் அடிபடுகிறவர் வாங்குகிறவர்தான். அறுபது வருடத் தகட்டுக்கான விலையைக் கொடுத்துப் போன வருடத் தகட்டை வீட்டுக்கு ஓட்டிப் போகிறார். கார் கன்சல்டிங்கில் இதற்கு ஆயத்தமான பதில் இருக்கும்: "கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல." இந்தப் பதிலுக்குச் சட்டத்தின் ஆதரவும் ஓரளவு உண்டு என்பதுதான் சங்கடம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு குதிரைக் கதை வருகிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறவன், தெரிந்தே வாயைத் திறக்காமல் இருந்தால் அது மோசடியாகாது. வாங்குகிறவள் அப்போதுதான் மேஜரான அவனுடைய மகளாக இருந்தால், சொல்லாதது மோசடி.

மகளுக்குக் கடமைப்பட்ட உண்மை ஊரார் பிள்ளைக்கு இல்லை என்பது சட்டத்துக்கு ஒத்துவரலாம், அறத்துக்கு ஒத்துவராது. குதிரையையாவது பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் தகட்டின் வயதை விற்கிறவரும் டிங்கரும் மட்டுமே அறிவார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த குறையை அவர் சொல்லாமல் விடுவது பொய்தான். இந்தப் பொய் டிங்கரையும் சேர்த்தே ஏய்க்கிறது. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை தன் பெயரை வண்டி மீதே எழுதிக்கொள்கிறது. ஹெரால்டு கூட்டைக் கையால் அடித்தவரோ, வேலை எவ்வளவு சுத்தமாக அமைந்ததோ அவ்வளவு ஆழமாக ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உள்பக்கத் தகட்டில் பட்டறையின் பெயரையும் ஆண்டையும் பஞ்ச் செய்துவிட்டால், நகல் என்ற பழி போய்க் கைவேலை என்ற மரியாதை வரும். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

அதுவரை, வாங்குகிறவருக்கு அதே 17ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. "இல்லை என்று நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவர் சொன்ன பிறகும் விற்கிறவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்: பாடி பழையதா, புதிதா? மறுக்காவிட்டால் பழையது என்றே எடுத்துக்கொள்வேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.