கூலியாளாய் வந்த குருவானவரும் நமது மனந்திரும்புதலும்



இந்த நாட்டுக்கு நல்ல காலம் எப்போது பிறக்கும் என்று கேட்காத வீடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது கேட்டோம். வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசு கைவிரித்தபோதும், ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடியபோதும் கேட்டோம். ஆட்சி மாறியது, பின்னும் மாறியது. கேள்வி மாத்திரம் அப்படியே இருக்கின்றது.

வேதாகமத்தில் இதற்கு ஒரு மறுமொழி உண்டு. எருசலேமில் தேவாலயத்தைக் கட்டி நேர்ந்தளித்த சாலமோன் அரசனுக்கு இரவில் ஆண்டவர் தோன்றிச் சொன்ன மறுமொழி அது. குறிப்பேடு இரண்டாம் நூல், ஏழாம் அதிகாரத்தில் காணலாம். வானம் அடைபட்டு மழை நின்றாலும், வெட்டுக்கிளி வயலைத் தின்றாலும், கொள்ளைநோய் பரவினாலும், தம்முடைய மக்கள் தம்மைத் தாழ்த்தி, செபித்து, தீய வழியை விட்டுத் திரும்பினால் அவர்களுடைய நாட்டை நலமாக்குவதாக ஆண்டவர் வாக்களிக்கிறார்.

இங்கே எவருக்குக் கட்டளை இடப்படுகின்றது என்பதைக் கவனியுங்கள். எதிரி அரசன் மனம் மாறவேண்டும் என்று சொல்லப்படவில்லை. சுற்றியிருந்த புறவினத்தார் திருந்தவேண்டும் என்றும் சொல்லப்படவில்லை. ஆண்டவரின் பெயரைத் தாங்கியவர்களே முதலில் தலை குனியவேண்டும். அதுவும் எந்த வேளையில்? பொன்னால் இழைத்த ஆலயத்தை எழுப்பி, ஏழு நாள் பெருவிழாவும் கொண்டாடி, நெஞ்சு நிமிர்ந்திருந்த வேளையில்! திருவிழா முடிந்த இரவில் நமக்கு இப்படியொரு செய்தி வந்தால் நம்மில் எத்தனை பேர் காது கொடுப்போம்?

ஆண்டவர் ஒரு திருச்சபையை எப்படிப் புதுப்பிக்கிறார் என்று காண நாம் எருசலேம்வரை போகவேண்டியதில்லை. சில்லாலைவரை போனால் போதும்.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். குருக்கள் துரத்தப்பட்டார்கள். கோவில்கள் பறிக்கப்பட்டன. கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்த நிலைமை. சிலர் கூரைக்குள் செபமாலையை ஒளித்து வைத்து இரவில் எடுத்துச் சொன்னார்கள். பலர் வெளியே ஒரு மதமும் உள்ளே ஒரு மதமுமாக வாழப் பழகிக்கொண்டார்கள்.

உலக ஞானமுள்ளவன் இதற்கு என்ன வழி சொல்லியிருப்பான்? கப்பற்படை வேண்டும், கோவாவிலிருந்து பெரிய தூது வேண்டும், பணம் வேண்டும் என்றிருப்பான். ஆண்டவரோ நோயாளியான ஒரு கூலியாளை அனுப்பினார்.

யோசேவ் வாஸ் அடிகளார் 1651ஆம் ஆண்டு கோவா நாட்டிலே கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தவர். குருவானபின் 1677இல் தம்மைத் தேவமாதாவின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தவர். அந்தக் கையொப்பம் வெறும் பக்திச் சொல் அல்ல என்பதை யாழ்ப்பாணம் கண்டது. 1687இல் குருத்துவ உடையைக் கழற்றிக் கூலியாளின் கந்தையை உடுத்தி, யோவான் என்ற துணையாளோடு தூத்துக்குடியில் தோணியேறினார். கடலில் அலைந்து மன்னாரைத் தொட்டு, அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் வயிற்றுளைவு நோய் அவரை வீழ்த்தியது. தொற்றும் என்று அஞ்சி ஊருக்குப் புறம்பே ஒதுக்கிவிட்டார்கள். ஏழைப் பெண்ணொருத்தி கொண்டுவந்த கஞ்சியால் அவர் உயிர் தப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

உடம்பு தேறியதும் செபமாலையைக் கழுத்தில் தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகின்றது, எவர் கண் கலங்குகின்றது என்று பார்த்தார். பிறந்த குலத்தைச் சொல்லியிருந்தால் திண்ணையில் இருத்தியிருப்பார்கள். அவரோ படலையடியில் நின்றார். நம்முடைய ஊரில் படலையடியில் நிற்பதற்கும் திண்ணையில் இருப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத் திருச்சபையின் மறுபிறப்பு அந்தப் படலையடியில்தான் தொடங்கிற்று. பின்பு சில்லாலைக் கிராமத்து விசுவாசிகள் அவரை ஏற்று, உயிரைப் பணயம் வைத்து மறைத்துக் காத்தார்கள். இரவிலே பூசை, விடியுமுன் வேறு ஊர்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தார்கள். ஏறக்குறைய முந்நூறு பேர் பிடிபட்டார்கள். குருவானவர் அகப்படவில்லை. கல்வீனிய மதத்திலிருந்து மனந்திரும்பிய தொன் பேதுரு என்பவர் அடிபட்டே உயிர் துறந்தார். வேறு சிலர் சிறையையும் கடூழியத்தையும் ஏற்றார்கள். முப்பது ஆண்டு பயந்து ஒளிந்திருந்த சபைக்கு இத்துணிவு எங்கிருந்து வந்தது? தாழ்ச்சியிலிருந்து வந்தது. தாழ்ச்சி என்றால் கூனிக் குறுகி அநியாயத்துக்குத் தலையாட்டுவது என்று நினைக்கிறவர்கள் யோசேவ் வாஸ் அடிகளாரைச் சற்றே உற்றுப் பார்க்கட்டும். அவர் ஒல்லாந்தனுடைய சட்டத்தை ஒருநாளும் மதித்தவர் அல்லர். தமக்கென்று ஒன்றையும் காப்பாற்ற நினைக்காதவரை எதைக் காட்டிப் பயமுறுத்துவது?

அதன்பின் அவர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குள் புகுந்தார். 1692இல் போர்த்துக்கேய வேவுகாரன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த அரசன். கிறிஸ்தவ ஒல்லாந்தர் மறுத்த சுதந்திரத்தை அவருக்குப் பின்பு கொடுத்தவன் அவனே. 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது, சொந்தக்காரர் கைவிட்ட நோயாளிகளை, சிங்களவர் தமிழர் என்று பாராமலும் மதம் கேளாமலும், தூக்கிக் கழுவிப் பராமரித்தார். இரு மொழியும் கற்றார். ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1711 தை 16ஆம் நாள் கண்டியிலே மரித்தார். 2015 தை 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே மடுமாதாவிடமும் சென்று செபித்தார்.

சரி, இந்தப் புனிதரின் பீடத்தில் மெழுகுதிரி கொளுத்துவது எளிது. அவர் தொடக்கிய வேலையைத் தொடருவதற்கு மனந்திரும்புதல் வேண்டும். இங்கேதான் நாம் இடறுகிறோம்.

நாம் பட்டவை சிறிதல்ல. 1995 ஆடி 9ஆம் நாள் நவாலி சென் பீற்றேர்ஸ் ஆலயத்தில் அடைக்கலம் தேடியிருந்தவர்கள்மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2006 ஆவணியில் அல்லைப்பிட்டிப் பங்குக் குருவானவர் ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். 2009 வைகாசியில் தம் மக்களோடு இராணுவத்திடம் சரணடைந்த பிரான்சிஸ் யோசேப் அடிகளாரின் முடிவு இன்றுவரை சொல்லப்படவில்லை. 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மண்ணில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், பச்சைக் குழந்தைகளுடையனவும் கூட, வெளிப்பட்டன. இவற்றுக்கெல்லாம் நீதி கேட்பது பாவமல்ல, கடமை. வீதியோரத்தில் படத்தை ஏந்தி இருக்கும் தாயிடம் போய், மன்னித்து மறந்துவிடு அம்மா என்று சொல்ல எந்தப் பிரசங்கியாருக்கும் உரிமையில்லை.

ஆனால் நமக்கு நடந்ததை மாத்திரம் எண்ணுகிறவன் பாவசங்கீர்த்தனத் தொட்டிலில் முழந்தாளிட்டு அயலவனுடைய பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்புகிறவனைப் போன்றவன். குருவானவர் அவனுக்கு எதற்குப் பாவமன்னிப்புக் கொடுப்பார்?

1990 ஐப்பசி 30ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணப் பட்டினத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோனகதெருவில் வாழ்ந்தவர்கள், நமக்குத் துணி விற்றவர்கள், இரும்பு விற்றவர்கள், நம்முடைய சட்டைகளைத் தைத்தவர்கள், உடுத்த உடையோடு போனார்கள். நகைகளும் பறிக்கப்பட்டன. வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு அகற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். கட்டளையிட்டவர்கள் சிலர்; ஆனால் மதிலுக்கு மேலால் பார்த்து நின்றது ஓர் ஊர். அழுதவர்களும் உண்டு, மறுக்கவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் என்ன பேசுவது என்ற அச்சமும் மெய்யே. ஆனால் அந்த வீடுகளின் கதவும் யன்னலும் கூரைமரமும் பின்னர் எங்கே போயின? அதற்கும் துப்பாக்கியா காரணம்?

சரியாக ஐந்து ஆண்டுகளின்பின், 1995இல் அதே ஐப்பசி 30ஆம் நாள், கொட்டும் மழையில் வலிகாமம் முழுவதும் பெட்டியும் பாயுமாக எழுந்து, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு ஓடிற்று. இதனைத் தெய்வ தண்டனை என்று சொல்ல நான் துணியேன். வழியில் இறந்த முதியவரும் பாலகரும் எவருக்கு என்ன தீங்கு செய்தார்கள்? ஆண்டவர் அவ்வாறு கணக்குத் தீர்ப்பவர் அல்லர். ஆயினும் ஒரே இரவில் வீட்டை இழப்பது எப்படியிருக்கும் என்பதை இப்போது நாம் அறிவோம். அறிந்தபின்னும் 1990ஐப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றுகிறோமே, அதுதான் மனந்திரும்பாத நெஞ்சு. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் இரத்தம் சிந்தப்பட்டபின், குற்றமறியாத முஸ்லிம்களையும் சந்தேகக் கண்ணால் பார்க்க நமக்கு எவ்வளவு நேரம் சென்றது?

நெகேமியாவின் செபத்தை வாசியுங்கள். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கின்றது என்று கேள்விப்பட்டதும் அவர் இருந்து அழுதார், நோன்பிருந்தார். மதிலை இடித்தவன் பாபிலோனியன். நெகேமியாவோ தாமும் தம் தந்தை வீட்டாரும் பாவம் செய்ததாக அறிக்கையிட்டே செபிக்கிறார். பின்புதான் கல்லும் சுண்ணாம்பும்.

வீட்டுக்குள்ளேயும் சற்றுப் பார்ப்போம். ஒரே நற்கருணையை உண்டுவிட்டு, அவர்களுடைய கோவில், எங்களுடைய கோவில் என்று பிரிந்து நிற்கும் ஊர்கள் நம்மிடையே இல்லையா? கலியாணப் பேச்சில் ஞானஸ்நானப் பத்திரத்துக்கு முன்னர் சாதியல்லவா விசாரிக்கப்படுகின்றது? திருவிழா என்றால் வெளிநாட்டுப் பணத்தில் மின்விளக்குப் போட்டி, வாணப் போட்டி, உபயகாரரின் பெயரை ஒலிபெருக்கியில் எத்தனை முறை சொன்னார்கள் என்ற மனத்தாங்கல். கூலியாளாய் வந்த குருவானவர் இன்று அந்தப் பந்தலடிக்கு வந்தால் எந்தக் கதிரையைக் கொடுப்போம்? கதிரை கொடுப்போமா?

செபம் இல்லாமல் இது ஒன்றும் மாறாது. இதைப் புரிந்துகொண்டவர் நம்மண்ணின் மைந்தரான தோமஸ் அடிகளார், அ.ம.தி. 1928இல் அவர் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனம், நோன்பு, கைவேலை, இரவும் பகலும் நற்கருணை முன்னிலையில் மன்றாட்டு: இவைதாம் அச்சபையின் வாழ்வு. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் அச்சகமும் திருச்சபைக்கு அவசியமாயிருந்த காலத்தில், சும்மாயிருந்து செபிப்பதற்கு ஆட்களைச் சேர்த்தவரை நடைமுறை தெரியாதவர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வேர் வெளியே தெரிவதில்லை.

வீட்டில் செபமாலை சொல்லும் வழக்கம் தொலைக்காட்சியோடு பாதி போயிற்று. கைத்தொலைபேசியோடு மீதியும் போகின்றது. இந்தத் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளிலாவது குடும்பமாக முழந்தாளிடுங்கள். ஐந்தாம் தேவஇரகசியத்தை, உங்கள் குடும்பம் எவருக்குத் தீங்கு செய்ததோ அல்லது எவருக்குத் தீங்கு நடக்கக் கண்டு வாய்மூடி நின்றதோ, அவர்களுக்காக ஒப்புக்கொடுங்கள். ஐப்பசி 30ஆம் நாள் வரும்போது, அயலில் இருந்து போன முஸ்லிம் குடும்பங்களின் பெயர்களைச் சொல்லிச் செபியுங்கள். பிள்ளைகளுக்கு அப்பெயர்கள் தெரிந்திராது. வீட்டிலிருக்கும் பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். துணி வாங்கிய கடைக்காரரின் பெயரும், பெருநாளுக்குப் புரியாணி கொடுத்தனுப்பிய வீட்டாரின் பெயரும் அவருக்கு நினைவிருக்கும். திரும்பி வந்து குடியேறியவர்கள் அயலில் இருந்தால், அவர்களுடைய படலைக்குப் போய் வாருங்கள்.