பால் யார் பொறுப்பு?

சீர்காழியில் பிறந்தவர்களுக்கு ஞானப்பால் கதையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரையில் சட்டைநாதர் கோயிலில் திருமுலைப்பால் விழா நடக்கும்போது அப்பாவின் தோளில் உட்கார்ந்தே அதைக் கேட்டு வளர்ந்திருப்போம். கதையில், பிள்ளையின் அப்பா குளத்தில் மூழ்கியிருக்கிறார். மூன்று வயதுப் பிள்ளை கரையில் நின்று அழுகிறது. இறைவன் சொல்ல, உமையம்மை பால் கொடுக்கிறாள். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு செவிலியாக இருந்து ஓய்வு பெற்ற என் கண்ணில் அந்தக் கதையின் வேறு இரண்டு இடங்கள்தான் படும். ஒன்று, அம்மை பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து ஊட்டினாள் என்று சேக்கிழார் சொல்லும் இடம். இன்னொன்று, கரையேறிய அப்பா பிள்ளையின் கடைவாயில் பால் வழிவதைப் பார்த்ததும் கோலை ஓங்கி, யார் கொடுத்த பாலைக் குடித்தாய் என்று அதட்டும் இடம்.

முதலாவது எங்கள் வார்டின் அன்றாட வேலை. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பிருக்காது. தாய் சுத்தமான கிண்ணத்தில் கையால் பாலைப் பீய்ச்சித் தருவாள். நாங்கள் அதைப் பாலாடையில் எடுத்து, பிள்ளையின் கீழுதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்போம். பாட்டிகள் மருந்து புகட்டிய அதே பாலாடைதான். இரண்டாவதும் அன்றாடம் நடப்பதுதான். ஏன் கொடுக்கவில்லை, உனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கோல் இல்லாமலே அதட்டுகிறவர் ஒருவராவது கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பார்.

"போன ஜென்மத்துல எந்தப் பசுகிட்டேருந்து கன்னை இழுத்துக் கட்டினாளோ" என்று ஒரு மாமியார் என் காதுபடச் சொன்னார். மருமகளுக்குத் தலைச்சன் பிள்ளை, சிசேரியன் ஆகி இரண்டாம் நாள். ராத்திரி ரவுண்டில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நான் பாவம் பண்ணினவளா?" என்று கேட்டாள்.

மருத்துவப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. சமயம்தான் பதில் சொல்ல வேண்டும். பால் இறைவனின் அருள் என்றால், சுரக்காதவள் அருளில்லாதவள் ஆகிறாள். பால் தாயின் கடமை என்றால், கொடுக்காதவள் கடமை தவறியவள் ஆகிறாள். எந்தப் பக்கம் போனாலும் பழி ஒருத்தியின் தலையில்தான் விழுகிறது. 'தாய்ப்பாலே அமுதம்' என்று சுவரில் எழுதியிருக்கும் வார்டிலேயே இந்தப் பழியும் வளர்கிறது.

அன்று ராத்திரி நான் அவளிடம் பாவபுண்ணியம் பேசவில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தேன். தையல் மேல் பாரம் விழாதபடி பிள்ளையைக் கக்கத்துப் பக்கமாக, கால்கள் அவள் முதுகை நோக்கிப் போகும்படி பிடிக்கச் சொன்னேன். பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேராக வர வேண்டும். காம்பை வாயில் திணிக்கக் கூடாது. மேலுதட்டில் மெல்லத் தடவினால் போதும், பிள்ளை தானாக வாயை அகலத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை மார்போடு சேர்க்க வேண்டும். காம்போடு, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கி, கன்னம் குழி விழாமல் இருந்தால் பிள்ளை சரியாகப் பிடித்திருக்கிறது. அவளுடைய பிள்ளை காம்பை மட்டும் கவ்வியிருந்தது. காம்பு வெடித்ததற்கும் பிள்ளை விடாமல் அழுததற்கும் அதுதான் காரணம். போன ஜென்மத்துப் பசுவுக்கு இதில் வேலையே இல்லை.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கரண்டிக் கணக்கில்தான் வரும். பிறந்த அன்று பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வேண்டியதும் சில மில்லி லிட்டர்தான். இது தெரியாமல், பாலே இல்லை என்று சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைத்தால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஊறிப் பால் உண்டாகிறது. உறிஞ்சாவிட்டால் சுரப்பு குறையும். உண்டான பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின். பயமும் வலியும் அவமானமும் இந்த ஆக்சிடோசினைத் தடுக்கும். மார்பில் பால் இருந்தும் இறங்காது. பாலில்லாதவள் பாவி என்று பக்கத்தில் நின்று சொல்கிறவர், வருகிற பாலையும் தானே நிறுத்துகிறார். பிறகு, நான் அப்பவே சொன்னேனே என்கிறார்.

உண்மையாகவே பால் போதாத தாய்மார்களும் இருக்கிறார்கள். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்கள், நஞ்சின் துண்டு கருப்பையில் தங்கிவிட்டவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், மார்பில் அறுவை சிகிச்சை ஆனவர்கள். சிலருக்குச் சிகிச்சையில் சரியாகும், சிலருக்கு ஆகாது. டாக்டர் சொல்லிப் புட்டிமாவு கொடுக்கும் தாய் எந்தக் கடமையிலிருந்தும் தவறவில்லை.

அப்படியென்றால் அருள் எங்கே இருக்கிறது? நம் கதைகளையே கேட்டுப் பார்க்கலாம். திருச்சி மலைக்கோட்டையில் ஈசன் தாயுமானவராக நிற்கிறார். ரத்னாவதிக்குப் பிரசவ நேரம். எங்கள் பக்கத்துப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவளுடைய அம்மா, காவிரி வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். ஈசன் அந்த அம்மாவின் உருவில் வந்து மகளுக்குப் பிரசவம் பார்த்து, வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்தார். அவர் எடுத்தது பிள்ளை பெறுகிறவளின் உருவம் இல்லை, அவளுக்குத் துணை நிற்கிறவளின் உருவம். சுகப்பிரசவம் வேண்டி அவருக்கு வாழைத்தார் படைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மதுரைத் திருவிளையாடலில் பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம் என்றே ஒன்று உண்டு. வேட்டையில் தாய்ப்பன்றி இறந்துவிடுகிறது. பன்னிரண்டு குட்டிகள் பசியில் துடிக்கின்றன. சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். செத்த பன்றியை அவர் குறை சொல்லவில்லை. குட்டிகளின் பசி தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் எங்கள் வார்டுக்கு நிறைய வருவார்கள். குர்ஆனில் பால் புகட்டுவது பற்றிய வசனம் இரண்டாம் அத்தியாயத்தில், 233ஆவதாக வருகிறது. முழுமையாகக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு ஆண்டு என்று சொல்லிவிட்டு, பால் கொடுக்கும் தாயின் சோறும் துணியும் தகப்பன் பொறுப்பு என்கிறது அது. பிள்ளையைக் காரணம் காட்டித் தாயைத் துன்புறுத்தக் கூடாது, பால் மறக்கடிப்பதும் இருவரும் கலந்து பேசிச் செய்ய வேண்டியது என்கிறது. வேறொரு பெண்ணைப் பால் கொடுக்க வைப்பதையும் அது அனுமதிக்கிறது. நபிகள் நாயகமே ஹலீமாவிடம் பால் குடித்து வளர்ந்தவர்தான். வசனத்தில் தாய்க்கு ஒரு வரி என்றால், தகப்பனுக்குப் பல வரி.

நாகூரைத் தாண்டித் தெற்கே போனால் வேளாங்கண்ணி. அங்கே அன்னை பால் கொடுக்கிறவளாக வரவில்லை, பால் கேட்கிறவளாக வந்தாள். நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் களைத்துக் கிடந்தபோது, என் குழந்தைக்குக் கொஞ்சம் பால் தா என்று கேட்டாள். அவனும் கொடுத்தான். எசமானர் வீட்டில் திறந்தபோது குறைந்த பானை பொங்கி வழிந்தது என்பது ஐதிகம். தேவமாதாவே கேட்டு வாங்கியிருக்கும்போது, உதவி கேட்க எந்தத் தாயும் கூச வேண்டியதில்லை.

இந்த மூன்று மதத்துக் கதைகளும் எனக்கு ஒன்றையே சொல்கின்றன. பால் சுரப்பது உடம்பின் வேலை. அருள் இருப்பது அந்த உடம்புக்குத் துணை நிற்கிறவர்களிடம். கடமையும் அவர்களுக்குத்தான் முதலில்.

யார் கொடுத்த பால் என்ற கேள்விக்கும் ஒரு நியாயமான பக்கம் உண்டு. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. கொடையாளிக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் குளிரவைத்து, எடை குறைந்த பிள்ளைகளுக்குத் தருகிறார்கள். இஸ்லாத்தில் ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்புகள், பிற்காலத்தில் மணம் செய்துகொள்ளக் கூடாது. ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) ஐந்து வேளை குடித்திருந்தால் அந்த உறவு உறுதியாகும். எனவே, யார் பால் என்று ஒரு முஸ்லிம் பாட்டி கேட்டால், படிக்காதவர் என்று முகம் சுளிக்கக் கூடாது. கொடுத்தவர் யார், குடித்தது யார் என்று பதிவேட்டில் எழுதி வைத்துச் சொல்வதுதான் மரியாதை. அதட்டுவதற்காகக் கேட்பது வேறு, உறவை மதித்துக் கேட்பது வேறு.

இனி ஊர் செய்ய வேண்டியது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்தன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகளோ 41.8 சதவீதம். மருத்துவமனை வரை கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த நமக்கு, மார்போடு சேர்க்கத் தெரியவில்லை. புட்டிமாவு விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் "பால் பத்தலைபோல" என்று வீட்டுக்குள் நடக்கும் இலவச விளம்பரத்தைத் தடுக்கச் சட்டம் இல்லை. அரசு ஊழியைக்கு இங்கே ஓராண்டு பேறுகால விடுப்பு. நடவுக்குப் போகிறவளுக்கு வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடையாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று அவளிடம் உபதேசம் செய்யும் முன், அந்த ஆறு மாதச் சோற்றுக்கு வழி சொல்ல வேண்டும்.

ஆகவே, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பால் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். கணவன்மார்களே, ராத்திரி பிள்ளை அழுதால் எழுந்து தூக்கிக்கொண்டு வந்து கொடுங்கள், ஒரு சொம்புத் தண்ணீரோடு. மாசமாக இருக்கும்போதே இருவருமாகப் போய், பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று செவிலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காம்பு வலித்தால், பால் கட்டிக்கொண்டால், பிள்ளையின் எடை ஏறாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இத்தனையும் செய்த பிறகும் பால் போதவில்லை என்றால், அதற்காக அவளைக் குற்றம் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.