அடைக்கலம் தந்த மலை

(ஜனவரி 27 மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1945ஆம் ஆண்டு இதே ஜனவரி 27 அன்றுதான், போலந்தில் நாஜிகள் கட்டியிருந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்குள் சோவியத் படை நுழைந்தது. உள்ளே உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் சுமார் ஏழாயிரம் பேர். அந்த ஒரு முகாமில் மட்டும் அதற்குள் பதினோரு லட்சம் பேர் மாண்டுபோயிருந்தார்கள். மிகப் பெரும்பாலோர் யூதர்கள். ஐரோப்பா முழுவதும் சேர்த்தால் 60 லட்சம் யூதர்கள். அதில் சுமார் 15 லட்சம் குழந்தைகள். ஐக்கிய நாடுகள் சபை 2005இல் இந்த நாளை நினைவு நாளாக அறிவித்தது.

நான் ராமாயணம் சொல்பவன். வரிசைப்படி இன்றைக்கு விபீஷண சரணாகதி. நாள் இப்படி அமைந்துவிட்டதால், அடைக்கலம் என்ற அந்த விஷயத்தைப் பிரான்சு நாட்டு மலைக்கிராமம் ஒன்றின் வழியாகச் சொல்லலாம் என்று தோன்றியது. ராமன் நிற்கும் கடற்கரைக்கும் வருவோம். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருவோம், அவ்வளவுதான்.

லெ ஷாம்போன் சுர் லின்யோன். இதுதான் ஊர்ப்பெயர். நாக்கு சுளுக்கிக்கொள்ளும், ஷாம்போன் என்றே வைத்துக்கொள்வோம். தென் பிரான்சில், கடல்மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் பட்டணத்துக் குடும்பங்கள் காற்று வாங்க வரும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும், விடுதிகள் காலியாகக் கிடக்கும். ஏழை விவசாயிகள், கருங்கல் வீடுகள், சின்னதாக ஒரு ரயில். ஆல்பெர் காமு என்ற எழுத்தாளர் காசநோய்க்குக் காற்று மாற்ற 1942இல் பக்கத்துச் சிற்றூரில்தான் வந்து தங்கினார். கொள்ளைநோய் என்ற தம் நாவலை அங்கே எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழங்கதை உண்டு. பிரான்சு கத்தோலிக்க நாடு, இவர்கள் புராட்டஸ்டண்டுகள். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் இவர்களுடைய வழிபாட்டையே தடை செய்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். காட்டிலும் மலையிடுக்கிலும் ஒளிந்து கூடி ஜெபித்தார்கள். இதே மலைநாட்டுப் பெண் மரி துரான் என்பவளை 1730இல் பிடித்து, கடலோரத்தில் ஒரு கோட்டைக் கோபுரத்தில் அடைத்தார்கள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ‘என் மதத்தை விட்டுவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளியே போகலாம். சொல்லவில்லை. வெளியே வந்தது 1768இல். முப்பத்தெட்டு வருடம்! ஷாம்போன் வீடுகளில் பிள்ளைகள் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தார்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், பட்ட துன்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாருக்கும் வரும். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். சிலர் அதைக் கத்தியாகத் தீட்டிக்கொள்வார்கள். இந்த ஊர் என்ன செய்தது என்று பாருங்கள்.

1934இல் ஆந்த்ரே ட்ரோக்மே என்ற போதகர் மனைவி மக்தாவோடு இந்த ஊருக்கு வந்தார். அவர் வடக்கு பிரான்சுக்காரர். மக்தா இத்தாலியில் ஃப்ளாரன்சில் பிறந்தவர். நான்கு பிள்ளைகள். முதல் உலகப்போரில் ஆந்த்ரேயின் சொந்த ஊர் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. பையனாக இருந்த அவர் அங்கே ஒரு ஜெர்மன் சிப்பாயைச் சந்தித்தார். ‘நான் யாரையும் கொல்ல மாட்டேன், ஆயுதம் எடுக்காமலே வேலை பார்க்கிறேன்’ என்று அந்தச் சிப்பாய் சொன்னது பையன் மனதில் தங்கிவிட்டது. அகிம்சையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் எதிரி நாட்டுக்காரன்!

1940 ஜூனில் பிரான்சு ஹிட்லரிடம் சரணடைந்தது. தெற்குப் பகுதியை மார்ஷல் பெத்தான் தலைமையில் விஷி அரசு ஆண்டது. ஜெர்மானியர் கேட்பதற்கு முன்பே யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்ட அரசு அது. சண்டை நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ட்ரோக்மேயும் உடன்போதகர் எதுவார் தெய்ஸும் பிரசங்கத்தில் நேரடியாகவே பேசினார்கள்: மனசாட்சிக்கு விரோதமாக வற்புறுத்தினால் பயப்படாமல், ஆணவம் இல்லாமல், வெறுப்பும் இல்லாமல் எதிர்த்து நிற்க வேண்டும், அதற்கு ஆன்ம பலம்தான் ஆயுதம். இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம். எதிர்ப்பது சுலபம், வெறுப்பில்லாமல் எதிர்த்துப் பாருங்கள்.

எதிர்ப்பு சின்னதாகத் தொடங்கியது. 1941 ஆகஸ்டில் பெத்தான் அரசின் விழாவுக்காக ஆலய மணியை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆலயத்தைப் பார்த்துக்கொண்டவர் அமேலி என்ற எளிய பெண்மணி. மணி கடவுளுக்குச் சொந்தம், மார்ஷலுக்கு அடிப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். வாசலில் நின்று வாக்குவாதம் செய்தவர்களைக் கடைசி வரை உள்ளே விடவில்லை. மணிக்கு மறுப்புச் சொல்லிப் பழகிய ஊருக்குத்தான் நாளைக்கு மனுஷனைக் கேட்டு வரும்போது மறுப்புச் சொல்ல வரும்.

அந்த மணி விவகாரத்துக்கும் முன்பே, பிரான்சு சரணடைந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள், போதகர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். மக்தா அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். திறந்தால், பனி படிந்த ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். பசியும் பயமும் முகத்தில் தெரிகிறது. உள்ளே வரலாமா என்று கேட்கிறாள். ‘வாங்க, வாங்க’ என்று அழைத்து அடுப்பருகில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார் மக்தா. நனைந்த செருப்பைக் காயவைத்ததில் அது கருகிப்போனது. போர்க்காலத்தில் ஒரு ஜோடி செருப்புக்கு எங்கே போவது? ஊரில் கேட்டுத் தேடினார்.

அடுத்து மக்தா ஒரு காரியம் செய்தார். நல்ல குடிமகள் செய்வதுதான். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது அடையாளச் சீட்டு கிடைக்குமா என்று நேரே ஊர் மேயரிடம் போய்க் கேட்டார். மேயர் சீறினார்: ஓர் அந்நியப் பெண்ணுக்காக ஊரையே ஆபத்தில் தள்ளுவீர்களா? அவளை அனுப்பிவிடுங்கள். அதிகாரத்தின் காதில் விழுந்த பிறகு வீட்டில் வைத்திருக்க முடியாது. அவளை வேறோர் இடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மக்தா எந்த அதிகாரியிடமும் அனுமதி கேட்கப் போகவில்லை.

இப்போது கடற்கரைக்கு வருவோம். விபீஷணன் நான்கு பேரோடு வானத்தில் வந்து நின்று அபயம் என்கிறான். கீழே ஆலோசனை நடக்கிறது. சுக்ரீவன் ‘வேவுக்காரன், நம்பாதே’ என்கிறான். அங்கதன் ஒன்று சொல்கிறான், ஜாம்பவான் ஒன்று சொல்கிறான், அனுமன்தான் சாதகமாகப் பேசுகிறான். எல்லாரையும் கேட்டுவிட்டு ராமன் ஒரு புறாவின் கதையைச் சொல்கிறான். தன் பேடையைக் கொன்ற வேடனே தன் மரத்தடிக்கு வந்து ஒதுங்கியபோது, அந்தப் புறா அவனுக்குத் தன் உடலையே உணவாகக் கொடுத்ததே, பறவைக்கே அந்த தர்மம் என்றால் எனக்கு என்ன என்று கேட்கிறான். ராவணனே வந்து நின்றாலும் அபயம் உண்டு என்கிறான்.

ராமாயணம் சொல்பவனான நானே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மக்தாவின் சமையலறையில் ஆலோசனை சபை கூடவில்லை. அவர் தளபதி இல்லை, வீட்டுக்காரி. அதனால் அப்படி என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் அந்தப் புறாவின் கதை அவர் வீட்டில் அப்படியே நடந்தது.

1943 பிப்ரவரி 13 இரவு இரண்டு போலீஸ் அதிகாரிகள் ட்ரோக்மேயைக் கைது செய்ய வந்தார்கள். அவர் வீட்டில் இல்லை. உட்காரச் சொன்னார் மக்தா. போதகர் வந்தபோது சாப்பாட்டு நேரம். ‘நீங்களும் சாப்பிடுங்கள்’ என்று வந்தவர்களை மக்தா மேசைக்கு அழைத்தார். பிறகு அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டு வியந்து, புருஷனைப் பிடிக்க வந்தவனுக்கா சோறு என்றார்கள். மக்தாவுக்கு அந்த வியப்பே புரியவில்லை. சாப்பாட்டு வேளை, மனுஷர்கள் நிற்கிறார்கள், வேறென்ன செய்வது? செய்தி பரவி ஊரார் ஒவ்வொருவராக வந்து போதகர் கையில் மெழுகுவத்தி, தின்பண்டம் என்று கிடைத்ததைக் கொடுத்தார்கள். அன்றே தெய்ஸும், பள்ளி ஆசிரியர் தர்சிசாக்கும் கைதானார்கள். முகாமில் ஒரு மாதம் போனது. மார்ஷலுக்குக் கீழ்ப்படிவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விடுதலை என்றார்கள். போதகர்கள் இருவரும் போடவில்லை. கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள். மரி துரானின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்ப் போதகர்கள் அல்லவா!

அடைக்கலம் தருவது ஓர் இரவுக் காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நான்கு ஆண்டுகள் நடந்தது. மார்செய் நகரிலிருந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அமெரிக்கத் தொண்டர் ஒருவர் ட்ரோக்மேயிடம் கேட்டிருந்தார்: தடுப்பு முகாம்களிலிருந்து குழந்தைகளை வெளியே எடுத்துவிடலாம், வைத்துக்கொள்ளத்தான் ஊர் இல்லை, உங்கள் ஊர் அந்த ஊராக இருக்குமா? காலியாகக் கிடந்த விடுதிகள் குழந்தைகள் இல்லங்களாயின. குவேக்கர்கள், சுவிஸ் செஞ்சிலுவைக்காரர்கள் எனப் பலரிடமிருந்து பணம் வந்தது. ட்ரோக்மே சபையைப் பதின்மூன்று வேதபாட வட்டங்களாகப் பிரித்திருந்தார். செய்தி அந்த வழியாகவே போகும், ஒரு வட்டத்துக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாது. ‘இன்று பழைய ஏற்பாடு ஐந்து பிரதி அனுப்புகிறோம்’ என்று தகவல் வந்தால், ஐந்து யூதர்கள் வருகிறார்கள் என்று பொருள். போலீஸ் வருகிறது என்றால் பிள்ளைகள் காட்டுக்குள் போய்விடுவார்கள். சிமாத் என்ற அமைப்பின் இளம்பெண்கள் பலரை சுவிட்சர்லாந்து எல்லை வரை கூட்டிப்போய்விட்டார்கள்.

பிழைக்க வந்தவர்களும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி என்ற யூத இளைஞனை யூதன் என்பதற்காகவே மருத்துவப் படிப்பில் சேர விடவில்லை. இருபது வயதுகூட நிரம்பாத அவன் இந்த மலையில் ஒரு பண்ணைவீட்டில் தங்கி, இரவில் போலி அடையாள அட்டைகளும் ரேஷன் அட்டைகளும் ஆயிரக்கணக்கில் தயாரித்தான். முத்திரையும் மையும் ஒளித்துவைத்த இடம் தேனீப் பெட்டிகள். எந்தச் சிப்பாய் அதற்குள் கையை விடுவான்? போர் முடிந்த பின் அவன் டாக்டரானான். பொய்ச் சொல்லுக்கே அஞ்சிய பக்தர்களுக்கு இந்தப் போலி அட்டைகள் உறுத்தாமல் இல்லை. நம் வள்ளுவரிடம் வந்திருந்தால், குற்றமற்ற நன்மை தருமானால் அந்தப் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று ஆறுதல் சொல்லியிருப்பார்.

1942 ஜூலையில் பாரிசில் இரண்டே நாளில் சுமார் பதின்மூவாயிரம் யூதர்களைப் பிடித்தார்கள். நாலாயிரம் பேர் குழந்தைகள். பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ். அடுத்த மாதம் விஷி அரசின் இளைஞர் துறைப் பொதுச் செயலாளர் ஷாம்போனுக்கு வந்தார். பள்ளி மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள்: பாரிசில் நடந்ததை அறிவோம், எங்களோடும் யூதர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் தரமாட்டோம், ஒளித்துவைப்போம். ஒளிப்பதையே முன்கூட்டி எழுதிக் கொடுத்த பிள்ளைகள்! சில வாரங்களில் போலீஸ் பேருந்துகளோடு வந்தது. யூதர் பட்டியலைக் கேட்டார்கள். ட்ரோக்மே மறுத்தார். யூதர் என்று எங்களுக்குத் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்றார். நாள்கணக்கில் தேடிவிட்டுப் பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகத் திரும்பின.

எப்போதும் வெறுமையாகத் திரும்பவில்லை. 1943 ஜூன் 29 காலை, ரோஷ் விடுதி என்ற மாணவர் இல்லத்தில் ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ புகுந்தது. அதன் பொறுப்பாளர் தானியேல் ட்ரோக்மே, போதகருக்கு உறவுக்காரர். பின்னாளில் தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலைக்கு வருவதாகப் பெற்றோருக்கு எழுதியவர். அன்று காலை அவர் வேறொரு வீட்டில் இருந்தார். தப்பிக்க வழி இருந்தது. போகவில்லை; தம் மாணவர்களிடம் போனார். அவர்களோடே பிடிபட்டு, முகாம் முகாமாக இழுக்கப்பட்டு, 1944 ஏப்ரலில் போலந்தின் மைதானெக் முகாமில் இறந்தார். பிடிபட்ட மாணவர்களிலும் பலர் திரும்பவில்லை. ஊர் மருத்துவர் ல ஃபொரெஸ்தியேயை அதே ஆண்டு ஆகஸ்டில் லியோன் அருகே மற்ற கைதிகளோடு சுட்டுக் கொன்றார்கள். பிரான்சிலிருந்து வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்ட யூதர்கள் சுமார் 76,000. மீண்டவர்கள் ஏறக்குறைய 2,500. இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஷாம்போனின் கதையைக் கேட்க வேண்டும்.

அந்த மலையில் பிழைத்தவர்கள் ஐயாயிரம் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. ஆராய்ச்சியாளர் சிலர் குறைத்துச் சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் எண்ணி வைக்கவில்லை. போர் முடிந்தது, உருளைக்கிழங்கு நடப் போய்விட்டார்கள். பிற்காலத்தில் தேடிவந்து ‘நீங்கள் எவ்வளவு நல்லவர்கள்’ என்று சொன்னவர்களிடம், இதில் நல்லது என்ன இருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று கொஞ்சம் எரிச்சலாகவே பதில் சொன்னார்கள். தான் செய்த உதவியை மறப்பதும் ஒரு தவம்தான்.

உதவி பெற்றவர்கள் மறக்கவில்லை. அங்கே ஒளிந்து வளர்ந்த யூதர்கள் 1979இல் திரும்பி வந்து, ஆலயத்துக்கு எதிரே ஒரு நினைவுப்பலகை பதித்தார்கள். நீதிமான் என்றென்றும் நினைக்கப்படுவான் என்ற பொருளில் சங்கீத வாசகம் ஒன்றை அதில் பொறித்திருக்கிறார்கள். யூதரும் கிறிஸ்தவரும் ஒருசேர ஓதும் சங்கீதம் அது. ஜெருசலேமில் யாத் வாஷெம் என்ற நினைவகம் உண்டு. யூதரைக் காத்த பிறரைத் தேடிக் கௌரவிப்பது அதன் பணிகளில் ஒன்று. பொதுவாகத் தனி மனிதர்களுக்குத்தான் அந்தச் சிறப்பு. 1990இல் ஷாம்போனையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக் கௌரவித்தார்கள். ஊர் என்ற கணக்கில் அப்படிப் பெற்றது நெதர்லாந்தில் இன்னொரு கிராமம் மட்டும்தான். 1944இல் அங்கே அகதித் தாய்க்குப் பிறந்த பியேர் சோவாஜ் வளர்ந்து திரைப்படக்காரராகி, அந்த மக்களைப் பேசவைத்து ஆவணப்படம் எடுத்தார். அதனால்தான் இன்று இவ்வளவாவது சொல்ல முடிகிறது.

இன்னொருவரைச் சொல்லி முடிக்கிறேன். வியன்னாவில் பிறந்தவர். 1943இல் சிறுவனாகப் பெற்றோரோடு ஷாம்போனுக்கு வந்து ஒளிந்து பிழைத்தார், அங்கேயே படித்தார், 1950 வாக்கில் லியோனுக்குப் போய்விட்டார். விளம்பரமில்லாத வாழ்க்கை. 2020 டிசம்பரில் தொண்ணூறு வயதில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. உயிலைப் பிரித்தார்கள். சுமார் 20 லட்சம் யூரோ மதிப்புள்ள சொத்தை ஷாம்போன் ஊருக்கு எழுதிவைத்திருந்தார். ஊரில் அவரை ஞாபகம் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அந்தப் பணம் பள்ளிக்கூடங்களுக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் போக வேண்டும் என்பது அவர் விருப்பம்.

நாளை சேது பந்தனம்.