யாருக்காக அந்தச் சிவப்பு?

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில், பத்தங்காஸ் மாநிலத்து அனிலாவ் கடற்கரைக்கு அப்பால், மூழ்குவோர் 'கதீட்ரல்' எனப் பெயரிட்டழைக்கும் ஓரிடம் உண்டு. கடலடியிலிருந்து எழும் இரு பாறைமுடிகள். அவற்றினிடையே கூரையில்லாப் பேராலயம் போன்றதொரு வெளி. பாறைகளெங்கும் பவளமும் கடற்பஞ்சும் கடல்விசிறியும் மண்டிக்கிடக்கின்றன. காற்று உருளையை முதுகில் சுமந்து, ஸ்கூபா முறையில் அங்கு இறங்குவோர் பலர். நாம் மூழ்கியவரல்லோம். ஆயினும் இத்தகைய ஆழங்களைக் கண்டு வந்தோர் கூறும் செய்தி ஒன்று நெடுநாளாக நம் சிந்தையை விட்டு அகலவில்லை.

பவளம் என்றவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுவது சிவப்பு. (அணிகலனாகும் செம்பவளம் வேறு, பாறை கட்டும் பவளம் வேறு என்பது ஒருபுறம் இருக்கட்டும்.) அப்பாறைமுடிகளிலும் சிவப்புக்குக் குறைவில்லை. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கதிரவன் ஒளியிலுள்ள செந்நிறக் கதிர்களை முதற்சில மீட்டர்களுக்குள்ளேயே கடல்நீர் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. 15 மீட்டர் ஆழத்தில் செந்நிறக் கடல்விசிறி கருமை கலந்த சாம்பல் நிறத்தில் நிற்கும். மூழ்குபவர் தம் கைவிளக்கை அதன்மேல் காட்டியதும் குருதிபோலச் சிவந்து நிற்கும். விளக்கைத் திருப்பினால் மீண்டும் சாம்பல்தான். அப்படியானால், விளக்கு வருமுன் அந்தச் சிவப்பு யாருக்காக இருந்தது?

பிரெஞ்சு நாட்டினரான ஜாக் கூஸ்தோ, எமில் கான்யான் என்னும் இருவர், மூழ்குபவருக்கு வேண்டிய அளவு காற்றைத் தானே அளக்கும் கருவியை உருவாக்கியது 1943இல். அதற்குமுன் மீன்களிடையே கட்டின்றி நீந்தி, நின்று நோக்கும் வாய்ப்பு மனிதருக்கு அரிது. நம் முத்துக்குளித்துறையின் முன்னோர் கல்லைப் பற்றி இறங்கினர். மூச்சு முடியுமுன் சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு மேலேறினர். அழகை வியந்து நிற்க அவர்களுக்கு நேரமேது? பவளங்களோ மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே கடலில் பாறை கட்டத் தொடங்கிவிட்டன.

'அவை நமக்காகக் காத்திருந்தன' என்பது எளிதில் வாயில் வரும் விடை. அக்குவினா தோமையார் அழகைக் காண்பதால் எழும் இன்பத்தோடு சேர்த்தே விளக்கினார். அவரைப் பாடமாகப் படித்த நமக்கு இவ்விடை இன்னும் எளிது. ஆனால் இதில் ஓர் ஆணவம் ஒளிந்திருக்கிறது. விளக்கேந்தி வந்தவன், விளக்கினால்தான் சிவப்பு உண்டாயிற்று என எண்ணுவதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. அறிவியலார் வேறு விடை தருவர்: ஆழத்தில் சிவப்பு ஓர் இருளாடை, அதை உடுத்த மீன் பகைவரின் கண்ணுக்குத் தப்புகிறது. உண்மையே. ஆயினும், பயன் இன்னதென்று சொல்லிவிட்டதால் அழகைப் பற்றிய வினா தீர்ந்துவிட்டதாக நாம் கருதவில்லை. யோபு நூலில் ஆண்டவர் எழுப்பும் வினாக்களுள் ஒன்று, மனிதர் குடியிராத பாலையில் பெய்யும் மழையைப் பற்றியது. அம்மழை எந்த உழவனுக்கும் பயன்படவில்லை. எனினும் அது படைத்தவரின் கணக்கில் இருக்கிறது.

அப்படியெனில் யாரும் இறங்கவே வேண்டாமா? அவ்வாறு சொல்ல நாம் துணியோம். நன்கு பயின்றோர் மூழ்கும் முறையிலேயே ஓர் ஒழுக்கம் அடங்கியிருக்கிறது. அவர்கள் எதையும் தொடுவதில்லை. இடையில் கட்டிய ஈயத்தையும் உடுப்பிலுள்ள காற்றையும் அளவாக்கி, மிதக்காமலும் அமிழாமலும் நிற்கிறார்கள். மூச்சை இழுத்தால் சற்றே உயர்வர், விட்டால் சற்றே தாழ்வர். காலில் அணிந்த துடுப்பை ஒருமுறை கவனமின்றி உதைத்தாலே பல்லாண்டு வளர்ச்சி முறிந்துபோகும். திரண்ட பாறை வடிவில் வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் கூடுகிறது. கைநீட்டும் தொலைவில் இருப்பதைக் கைநீட்டாமல் காண்பது எளிய பயிற்சியன்று. கோயிலுக்குள்ளேயே நமக்கு அது வருவதில்லை.

கதீட்ரலில் ஒரு சிலுவையும் உண்டு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மந்திரித்த அச்சிலுவையை, பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான பிடல் ராமோஸ் 1983இல் அங்கு நட்டார் என்பர். நட்டவர்களின் பக்தியை நாம் ஐயுறவில்லை. ஆனாலும் நமக்கு ஒரு தயக்கம். நம் அடையாளத்தை ஊன்றிய பிறகுதான் ஓரிடம் இறைவனுடையதாகிறது என்று அங்கு மூழ்கும் இளைஞர் எண்ணிவிடலாகாது. அச்சிலுவை இல்லாத அடுத்த பாறையும் அவருடையதே.

இவ்வினா வெறும் சிந்தனை விளையாட்டன்று. அனிலாவை அடுத்துள்ள வெர்டே தீவு நீரிணையை, கரையோர மீனினங்கள் உலகிலேயே மிகச் செறிந்த கடற்பகுதி எனக் கார்பெண்டர், ஸ்பிரிங்கர் ஆகிய ஆய்வாளர்கள் 2005இல் எடுத்துரைத்தனர். 2023 பிப்ரவரி 28 அன்று, 'பிரின்சஸ் எம்பிரஸ்' என்னும் கப்பல் ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் எரியெண்ணெயுடன் மிண்டோரோ தீவையொட்டி மூழ்கியது. கசிந்த எண்ணெய் வெர்டே தீவுவரை பரவியது. மூழ்குவோர் வந்துபோகும் பாறைக்காகக் குரல் கொடுக்க விடுதிக்காரரேனும் இருக்கிறார். யாரும் பெயரிடாத, எந்த விளக்கும் படாத பாறைக்கு யார் இருக்கிறார்கள்? காண்பதால்தான் மதிப்பு என்றால், காணாததன் அழிவு இழப்பே ஆகாது. பிலிப்பைன்ஸ் ஆயர்கள் 1988ஆம் ஆண்டு மேய்ப்புப்பணி மடலில் தம் கடல்களின் பவளப் பேரழிவுக்காக வருந்தியபோது, சுற்றுலா குறைவதற்காக மட்டும் வருந்தவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் அவ்வருத்தத்தைத் தமதாக்கிக்கொண்டார்.

நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, பவளம் தன் உடலுள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் நுண்பாசியை இழந்து வெளிறுகிறது. 2023இல் தொடங்கி உலகக் கடல்கள் பலவற்றில் இது நேர்ந்தது. 1998 முதல் எண்ணினால் உலகளாவிய நான்காம் வெளிறல் என 2024 ஏப்ரலில் அறிவித்தனர். இவ்வெண்மையைக் காணக் கைவிளக்குத் தேவையில்லை. எந்தப் பகலொளியிலும் தெரிகிறது. வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. சில வாரங்களுக்குள் வெப்பம் தணிந்தால் பாசி திரும்புகிறது. அதனோடு நிறமும் திரும்புகிறது. வந்து பார்ப்பார் யாருமில்லாத பாறைகளிலும் அவ்வாறே.