அந்த ஒரு வரிக்கா அடங்கிப்போனீர்கள்?

பென்ஷனை மறுத்த அந்தக் கடிதம் எத்தனை வருடமாகப் பீரோவுக்குள் கிடக்கிறது?

‘உங்கள் ஊனம் ராணுவப் பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல.’ ஒரே ஒரு வரி! படித்தீர்கள். மடித்தீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் செருகினீர்கள். கதை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டீர்கள்.

முடிந்தது என்று யார் சொன்னது?

பனியில் விடிய விடியக் காவல் நின்றவர் நீங்கள். முதுகில் மூட்டையோடு மலையேறியவர் நீங்கள். ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடியவர் நீங்கள். ஒரு டைப் அடித்த வரியைக் கண்டா பின்வாங்குவது?

“மெடிக்கல் போர்டே எழுதிட்டாங்க, இனிமே என்ன பண்ண முடியும்?” என்கிறீர்கள்.

பண்ண முடியும்! ஏராளமாகப் பண்ண முடியும்!

ஆளெடுப்பு நாளை நினைத்துப் பாருங்கள். 1.6 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். மூச்சை இழுக்கச் சொல்லி, மார்பு 5 சென்டிமீட்டர் விரிகிறதா என்று டேப் வைத்து அளந்தார்கள். முட்டியோடு முட்டி இடிக்கிறதா என்று பார்த்தார்கள். பாதம் தட்டையா என்று பார்த்தார்கள். காதுக்குள் விளக்கடித்தார்கள். உங்களோடு வந்தவர்களில் எத்தனை பேர் அன்று அழுதுகொண்டே பஸ் ஏறினார்கள்!

உங்களை எடுத்துக்கொண்டார்கள். உடல் தகுதியானவர் என்று அவர்களே எழுதி, அவர்களே கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் கையெழுத்துதான் உங்கள் ஆயுதம்!

நல்ல உடம்போடு உள்ளே போனவர் நோயோடு வெளியே வருகிறார். நடுவில் எங்கே இருந்தார்? பட்டாளத்தில்தானே!

தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். ஏறக்குறைய ஒன்பது வருடத்தில் வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவீதம் என்றது மெடிக்கல் போர்டு. பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றும் அதே போர்டு சொன்னது. ஏன் சம்பந்தமில்லை? அதற்கு ஒரு காரணமும் எழுதவில்லை!

ஊனமுற்றோர் பென்ஷன் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி முன் வென்றார். மேல்முறையீட்டில் தோற்றார். கைக்கு வந்தது பறிபோனது.

அங்கேயே அவர் விட்டிருந்தால்?

விடவில்லை! உச்ச நீதிமன்றம் போனார். 2013-ல் வென்றார்.

தீர்ப்பு சொன்னதை நிதானமாகப் படியுங்கள். சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையா? அப்படியென்றால் சிப்பாய் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் நோயால் வெளியே அனுப்பப்பட்டாரா? அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை சிப்பாயின் தலையில் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலனும் சிப்பாய்க்கே!

இது நீதிமன்றம் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையல்ல. 1982-ஆம் வருடத்து ராணுவப் பென்ஷன் விதிகளிலேயே இருந்த உரிமை. அதை ஒரு சிப்பாய் தட்டிக் கேட்டார். நீங்கள் ஏன் கேட்கவில்லை?

“கை கால் நல்லாத்தானே இருக்கு, ஊனம்னு கேட்க வெட்கமா இருக்கு.”

எதற்கு வெட்கம்? பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று காது போனது. இன்று உங்கள் மனைவி தோளைத் தொட்ட பிறகுதான் பேச்சையே தொடங்குகிறார். பேரன் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கோபித்துக்கொண்டு ஓடிவிடுகிறான். அது ஊனமில்லையா? இரவில் தூக்கிவாரிப்போட்டு எழுகிறீர்களே, அது காயமில்லையா? ரத்தம் வந்தால்தான் காயமா?

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல!

“நான் முழு சர்வீஸ் முடிச்சு வந்தவன், பாதியில அனுப்பினவங்களுக்குத்தான் எல்லாம்” என்கிறீர்களா? ராம் அவதார் வழக்கு, 2014 டிசம்பர். பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் ஊன சதவீதத்தை உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 20 சதவீத ஊனம் 50 ஆகக் கணக்கிடப்படும். மாதாமாதம் வரும் தொகை அது. உங்கள் மருந்துச் செலவு!

“ரொம்ப வருஷம் ஆயிடுச்சு.”

தர்சேம் சிங் 1983-ல் வெளியே வந்தவர். நீதிமன்றப் படி ஏறியது 1999-ல்! பதினாறு வருடம்! பென்ஷன் மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு, ஆகவே தாமதத்தைக் காட்டித் தள்ள முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிலுவைத் தொகையை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் கொடுக்கச் சொன்னது.

புரிகிறதா? உரிமை சாகவில்லை. ஆனால் நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது. அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்!

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பொய் வேண்டாம். இல்லாத நோயை எழுதாதீர்கள். உண்மையே போதும், அதை முழுசாகச் சொல்லும் உழைப்புதான் வேண்டும்.

உழைப்பு என்றால் என்ன? நோய் முதலில் தெரிந்த தேதி. அன்று எந்த யூனிட், எந்த இடம். ராணுவ மருத்துவமனையில் படுத்த நாட்களின் சீட்டு. மெடிக்கல் கேட்டகிரி குறைத்த காகிதம். அடிபட்டிருந்தால் இஞ்சுரி ரிப்போர்ட். இவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பட்டாளம் நோயைத் தந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, அதைப் பெரிதாக்கியிருந்தாலும் போதும். எனவே சேர்ந்த முதல் வருடம் எப்படி இருந்தது, கடைசி வருடம் எப்படி இருந்தது, இரண்டையும் காட்டுங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வந்தவர்களுக்கு விதிகள் மாறியிருக்கின்றன. அவர்கள் இந்த வேலையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

இந்தக் காகிதங்களோடு அப்பீல் போடுங்கள். முதல் அப்பீல் தள்ளுபடியா? இரண்டாவது அப்பீல் இருக்கிறது. அதுவும் தள்ளுபடியா? ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது! ஒரு தோல்விக்கு இவ்வளவு பயமா? தரம்வீர் சிங் எத்தனை முறை தோற்றார் என்று எண்ணிப் பாருங்கள்.

நாளைக் காலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். காகிதம் எதுவும் இல்லையா? ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். மெடிக்கல் போர்டு அறிக்கையின் முழு நகலைக் கேளுங்கள்.

நகல் வந்ததும், உங்கள் நோய் பணியால் வந்ததல்ல என்று எழுதிய இடத்துக்கு நேராக என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். காரணமே இல்லையா? அதைத்தான் அப்பீலின் முதல் பத்தியில் எழுத வேண்டும்!